பதில் கேட்காத கடிதம்

1969-ம் வருஷம். அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரம். அந்த ஊரில் இருந்த 9 மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளுக்கு ஒரு குழு போய்வர ஆரம்பித்தது. கடுமையான மனச்சோர்வினாலோ, 'இனி உயிரோடு இருந்து என்ன ஆகப் போகிறது' என்ற எண்ணத்தினாலோ அட்மிட் ஆனவர்கள் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து விரிவாகப் பேட்டி எடுத்தார்கள். அடுத்த சில வருஷங்களில் இப்படிப் பேசப்பட்டவர்களின் எண்ணிக்கை 3,005.

குழுவை அனுப்பியவர் ஒரு மனநல மருத்துவர். பெயர் ஜெரோம் மோட்டோ. பெரிய புகழ் எல்லாம் கிடையாது. அதிர்ந்து பேசாத மனுஷர்.

டிஸ்சார்ஜ் ஆகி 30 நாள் கழித்து, அத்தனை பேரையும் மறுபடி தொடர்புகொண்டு ஒரே ஒரு விஷயத்தைத்தான் விசாரித்தார்கள். சிகிச்சை தொடர்கிறதா, இல்லையா? 843 பேர் 'இல்லை' ரகம். டாக்டரும் வேண்டாம், ஆஸ்பத்திரியும் வேண்டாம் என்று விலகிப் போனவர்கள். சிலர் கொஞ்ச நாள் போய்ப் பார்த்துவிட்டு நிறுத்தியவர்கள்.

வழக்கமாக இந்த இடத்தில் மருத்துவமனைகள் என்ன செய்யும்? ஃபைலை மூடும். வராத பேஷன்ட்டை என்ன பண்ண முடியும்?

மோட்டோ அந்த 843 பேரைத்தான் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். அவருடைய கவலை முழுக்க அவர்கள்மேல்தான். ஏன் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போய்விட்டு வரவேண்டும்.

*

அதற்கு முன்னால் ஒரு வார்த்தை. மனச்சோர்வு என்று நான் எழுதுவது டிப்ரஷனை. 'இன்னிக்கு ஒரே டிப்ரஸ்டா இருக்கு' என்று மழை நாளில் ஆபீஸ் கேன்டீனில் சொல்கிறோமே, அது அல்ல. வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, பசி கெட்டு, பிடித்த பாட்டு பிடிக்காமல் போய், குளிப்பதே மலையைப் புரட்டுகிற வேலையாகி, 'நான் எல்லாருக்கும் பாரம்' என்று மனசு ஓயாமல் முணுமுணுக்கிற ஒரு நோய். குணப்படுத்தக்கூடிய நோய். இது வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் தற்கொலையால் இறப்பதில்லை. இதையும் அழுத்திச் சொல்லியாக வேண்டும்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. எலி ராபின்ஸ் என்ற மனநல மருத்துவரும் அவர் சகாக்களும் 1956, 57-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பகுதியில் தற்கொலையால் இறந்த 134 பேரின் குடும்பங்களையும் நண்பர்களையும் தேடிப் போய்ப் பேசினார்கள். 1959-ல் முடிவுகள் வெளியாயின. இறந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குக் கடுமையான மனச்சோர்வு நோய் இருந்திருக்கிறது. அதைவிட முக்கியமான இன்னொரு சேதி: மூன்றில் இரண்டு பேர், தங்கள் எண்ணத்தை ஏதோ ஒரு விதத்தில் யாரிடமோ வெளிப்படுத்தியிருந்தார்கள்.

'சொல்றவன் செய்யமாட்டான்' என்று நம்ம ஊரில் ஒரு பொன்மொழி உலாவுகிறதே... அதன் சாயம் 1959-லேயே வெளுத்துவிட்டது. யாரும் கேள்விப்படவில்லை, அவ்வளவுதான்.

*

சரி, லண்டனுக்குப் போவோம்.

1953, நவம்பர் 2. லண்டன் நகரின் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தில் சாட் வாரா என்ற பாதிரியார் ஒரு டெலிபோனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வாழ்க்கை வெறுத்தவர்கள் யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், நேரிலும் வரலாம் என்று அறிவிப்பு. அந்தக் காலத்து இங்கிலாந்தில் தற்கொலைக்கு முயல்வது கிரிமினல் குற்றம். பிழைத்தவரைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம், ஜெயிலில்கூடத் தள்ளலாம். அந்த நிலைமையில்தான் இந்த டெலிபோன்.

வாரா ஒரு சுவாரசியமான ஆசாமி. பாதிரியார் சம்பளம் போதாமல் குழந்தைகள் காமிக்ஸ் பத்திரிகைகளுக்கு எழுதிச் சம்பாதித்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதப் போக, தேவாலயத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரே ஆள் எத்தனை பேரிடம் பேசுவது? உதவி செய்கிறேன் என்று சில தொண்டர்கள் வந்தார்கள். 'காத்திருக்கிறவர்களுக்கு டீ கொடுங்கள், கொஞ்சம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருங்கள்' என்றார் வாரா.

சில வாரங்களில் ஒரு வேடிக்கையைக் கவனித்தார். டீ குடித்தவர்கள் நிறையப் பேர் பாதிரியாரைப் பார்க்காமலேயே எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். கோபித்துக்கொண்டு அல்ல. அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது! படிப்பு, பட்டம், ஆலோசனை எதுவும் இல்லாத ஒருவர், எதிரில் உட்கார்ந்து குறுக்கிடாமல் கேட்டிருக்கிறார். அதுவே பெரும்பாலானோருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

1954 பிப்ரவரியில் வாரா டெலிபோனைத் தொண்டர்களிடமே ஒப்படைத்துவிட்டார். 'சமாரிட்டன்ஸ்' என்ற அமைப்பு பிறந்த கதை இது. நம் சென்னையில் 1986-ல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'ஸ்நேகா'வும் இதே வழியில் வந்த தொண்டர் அமைப்புதான்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், லாஸ் ஏஞ்சல்ஸில் எட்வின் ஷ்னைட்மன் என்ற உளவியல் அறிஞர் வேறு வழியில் வந்து இதே இடத்தைத் தொட்டார். 1949-ல் மரண விசாரணை அலுவலகத்துப் பழைய கோப்புகளில் ஆரம்பித்த தேடல் அவருடையது. சகாக்களோடு சேர்ந்து 1958-ல் தற்கொலைத் தடுப்பு மையம் ஒன்றைத் திறந்தார். ஷ்னைட்மன் வாழ்நாள் முழுக்கச் சொன்னது இதுதான்: அந்த நிலைமையில் இருப்பவர் விரும்புவது சாவை அல்ல, தாங்க முடியாத மனவலி நிற்கவேண்டும் என்பதை. அதே நிமிஷத்தில், யாராவது வந்து காப்பாற்ற மாட்டார்களா என்ற தவிப்பும் கூடவே இருக்கும். இரண்டு மனசு. அந்த இரண்டாவது மனசோடுதான் நாம் பேச வேண்டும்.

அருமையான விஷயங்கள். ஆனால் லண்டன் டெலிபோனுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் மையத்துக்கும் பொதுவாக ஒரு ஓட்டை இருந்தது. இரண்டுமே, கஷ்டப்படுகிறவர் தானாகக் கூப்பிட வேண்டும், தானாக வர வேண்டும் என்று காத்திருந்தன.

மனச்சோர்வின் முதல் வேலையே கூப்பிடத் தோன்றாமல் செய்வதுதான். 'எனக்காக யார் மெனக்கெடப் போகிறார்கள்' என்று நம்புகிறவர் எப்படி டெலிபோனை எடுப்பார்?

மோட்டோ அந்த 843 பேரைப் பிடித்துக்கொண்டது இதனால்தான். வரமாட்டேன் என்றவர்கள் அவர்கள்.

*

இரண்டாம் உலகப் போரில் மோட்டோ அமெரிக்க ராணுவத்தில் லாரி டிரைவராக ஐரோப்பாவில் இருந்தவர். கப்பல் ஏறுவதற்கு முன் அறிமுகமான ஓர் இளம்பெண், போர் முனைக்கு அவருக்குக் கடிதங்கள் போட்டுக்கொண்டிருந்தார். காதல் கடிதம் என்று சொல்ல முடியாது. ஊர் சமாச்சாரம், நலம் விசாரிப்பு. பதில் போடு என்ற வற்புறுத்தல் கிடையாது. எதையும் எதிர்பார்க்காமல் ஒருவர் நம்மை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அந்தக் குளிரிலும் குண்டுச் சத்தத்திலும் தன்னை எப்படித் தாங்கியது என்பதை அவர் மறக்கவே இல்லை.

கால் நூற்றாண்டு கழித்து டாக்டர் அதையே மருந்தாக்கிப் பார்த்தார்.

843 பேரையும் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 454 பேருக்கு ஒன்றும் செய்யவில்லை. (சிகிச்சையை யாரும் பறிக்கவில்லை, வேண்டாம் என்றவர்கள்தானே!) மீதி 389 பேருக்குக் கடிதம். முதல் 4 மாதம் மாதம் ஒன்று. அடுத்த 8 மாதம் இரண்டு மாதத்துக்கு ஒன்று. அப்புறம் 4 வருஷத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒன்று. மொத்தம் 5 வருஷம், 24 கடிதங்கள்.

என்ன எழுதினார்கள்? பெரிதாக ஒன்றுமில்லை. உங்களை மருத்துவமனையில் பார்த்துக் கொஞ்ச நாளாகிறது, நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எப்போதாவது இரண்டு வரி போடத் தோன்றினால் எங்களுக்குச் சந்தோஷம். சாரம் இவ்வளவுதான். 'மாத்திரை சாப்பிடுகிறீர்களா?' கிடையாது. 'செக்கப்புக்கு வாருங்கள்' கிடையாது. 'தைரியமாக இருங்கள்' என்ற உபதேசமும் கிடையாது.

ஆனால் சின்னச் சின்ன விஷயங்களில் மோட்டோ ரொம்பக் கறாராக இருந்தார். ஒரே வாசகத்தை அச்சடித்து அனுப்பக் கூடாது. ஒவ்வொரு தடவையும் வேறு வார்த்தைகள், தனித்தனியாக டைப் அடிக்க வேண்டும். மருத்துவமனையில் அந்த நபரிடம் யார் பேட்டி எடுத்தாரோ, அவரே கையெழுத்துப் போட வேண்டும். பதில் வந்தால் அதற்குத் தகுந்தாற்போல அடுத்த கடிதம். கூடவே, திருப்பி அனுப்ப விலாசம் எழுதிய ஒரு கவர். அதில் ஸ்டாம்ப் ஒட்டக் கூடாது! ஒட்டினால், 'காசு செலவழித்து ஒட்டியிருக்கிறார்களே, பதில் போடாவிட்டால் தப்பாச்சே' என்று அவர்களுக்குத் தோன்றிவிடும். அந்தக் கடன்கூட அவர்கள் தலையில் ஏறக் கூடாது.

பி.காம். படித்தவன் புத்தி எனக்கு உடனே கணக்குப் போடச் சொல்லிற்று. 1969-ல் அமெரிக்காவில் சாதாரணக் கடிதத்துக்கு ஸ்டாம்ப் 6 சென்ட். நடுவில் விலை ஏறியதையும் சேர்த்தால்கூட, ஒரு ஆளுக்கு 5 வருஷத்துத் தபால் செலவு இரண்டு டாலர் சுமாருக்கு வரும். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் ரூம் வாடகைக்குக்கூடக் காணாது.

பதில்கள் வர ஆரம்பித்தன. எல்லாரிடமிருந்தும் அல்ல. சிலர் நன்றி சொன்னார்கள். யாரோ ஒருவருக்கு நாம் ஞாபகத்தில் இருக்கிறோம் என்பதே இதமாக இருக்கிறது என்று எழுதினார்கள்.

இனி எண்கள். முதல் 2 வருஷத்தில், கடிதம் போகாத குழுவில் தற்கொலையால் இறந்தவர்கள் சுமார் மூன்றரை சதவிகிதம். கடிதம் போன குழுவில் 1.8 சதவிகிதம். பாதி!

ஒரு நோயில் சாவைப் பாதியாகக் குறைக்கிற மாத்திரை வந்தால் என்ன நடக்கும்? தலைப்புச் செய்தி, ஷேர் மார்க்கெட், நோபல் பரிசுப் பேச்சு. மோட்டோ தன் முதல் கட்ட முடிவுகளை 1976-ல் வெளியிட்டார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. முழு ஆய்வும் கட்டுரையாக வெளிவந்தது 2001-ல். அப்போது அவருக்கு வயது 80 ஆகிக்கொண்டிருந்தது. ஸ்டாம்பிலும் டைப்ரைட்டரிலும் யாருக்கு என்ன லாபம் சொல்லுங்கள்!

*

அந்த இடைவெளியில் மருத்துவ உலகம் வேறொரு கேள்வியின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. யார் ஆபத்தில் இருக்கிறார் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

நியாயமான கேள்வி. ஓரளவு பதிலும் கிடைத்தது. அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக், தற்கொலை எண்ணத்தோடு அட்மிட் ஆன 207 பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 1985-ல் ஒன்று சொன்னார். சோகத்தின் அளவைவிட முக்கியம், நம்பிக்கை இழப்பு. 'கஷ்டமா இருக்கு' என்பவரைவிட, 'இது மாறவே மாறாது' என்பவர் மேல் அதிகக் கவனம் வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை முயன்றவர், கூடவே குடிப்பழக்கம், தூக்கமின்மை, பதற்றம், தனிமை, தீராத உடல்வலி... இவையெல்லாம் பட்டியலில் ஏறின. மோட்டோவும் அதே வருஷம் ஓர் அளவுகோல் தயாரித்தார்.

ஆனால் 2017-ல் ஒரு குழு, அதுவரை 50 வருஷத்தில் நடந்த 365 ஆய்வுகளை மொத்தமாக அலசி எடுத்து ஒரு குண்டைப் போட்டது. தனித்தனிக் காரணிகளை வைத்துக்கொண்டு ஒருவரைச் சுட்டிக்காட்டி 'இவர்தான்' என்று கணிப்பது, பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல்!

இறந்தவரின் குடும்பத்தார் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். 'கூடவே இருந்தியே, உனக்குத் தெரியலையா?' என்று துக்கம் கேட்க வருகிறவர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள். 50 வருஷம் ஆராய்ச்சி செய்தவர்களுக்கே தெரியவில்லை ஐயா.

ஆக, யார் என்று கணிக்க முடியாது. எப்போது என்பதில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் உண்டு. அதே 2017-ல் வந்த இன்னொரு தொகுப்பு, 100 ஆய்வுகளை வைத்துச் சொன்னது: மனநலப் பிரிவிலிருந்து டிஸ்சார்ஜ் ஆன முதல் 3 மாதங்கள்தான் ரொம்ப அபாயமான காலம். நாம் என்ன செய்கிறோம்? ஆஸ்பத்திரியில் இருக்கும்போது ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாகப் போய்ப் பார்க்கிறோம். வீட்டுக்கு வந்ததும் 'அப்பாடா, சரியாயிடுச்சு' என்று கிளம்பிவிடுகிறோம். மோட்டோவின் கடிதங்களில் முதல் நான்கும் எந்த மாதங்களில் போயின என்று திரும்பப் பாருங்கள்.

இன்னொன்று. கேட்கலாமா, கூடாதா?

'சாகணும்னு தோணுதா?' என்று நேராகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் படித்தவர்களுக்கும் இருக்கிறது. நியூயார்க்கில் 2,342 பள்ளி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். 2005-ல் முடிவு வந்தது. ஒரு பாதி மாணவர்களிடம் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகள். மறு பாதியிடம் அவை இல்லாமல். கேட்கப்பட்டவர்களுக்குக் கூடுதல் வேதனையும் இல்லை, எண்ணமும் அதிகமாகவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளிடம் கேட்டபோது வேதனை சற்றுக் குறைவாகவே இருந்தது. பூட்டிய கதவை யாரோ தட்டிய நிம்மதியாக இருக்கலாம்.

*

2001 கட்டுரைக்கு அப்புறம் கடிதம் ஊர் ஊராகப் போக ஆரம்பித்தது. ஆஸ்திரேலியாவின் நியூகாஸில் நகரில், தங்களுக்குத் தாங்களே தீங்கு செய்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த 772 பேரை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு பாதிக்கு 12 மாதத்தில் 8 போஸ்ட் கார்டுகள் அனுப்பினார்கள். 2005-ல் வந்த முடிவு கொஞ்சம் விசித்திரம். மறுபடி வந்த ஆட்களின் விகிதம் பெரிதாக மாறவில்லை. ஆனால் திரும்பத் திரும்ப வந்த தடவைகள் ஏறக்குறைய பாதியாகிவிட்டன. ஈரானில் டெஹ்ரான் நகரத்து மருத்துவமனையில் 2,300 பேரை வைத்துச் செய்ததில், எண்ணமும் முயற்சியும் இரண்டுமே குறைந்தன. டெஹ்ரான்காரர்கள் ஒரு கார்டைப் பிறந்தநாளுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள்.

எல்லா இடத்திலும் ஜெயித்ததா? இல்லை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2010-ல் வெளியான ஆய்வு, முந்தைய முயற்சிகளின் வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால் பலன் தெரியவில்லை என்றது. போஸ்ட் கார்டு மந்திரத் தாயத்து அல்ல. மாத்திரைக்கோ, மனநல ஆலோசனைக்கோ மாற்றும் அல்ல. அவற்றை மறுத்தவரோடு அறுந்துபோகாமல் இருக்கிற நூல், அவ்வளவே.

இப்போது நம் ஊர். உலக சுகாதார நிறுவனம் 5 இடங்களில் ஒரே மாதிரி ஓர் ஆய்வு நடத்தியது. பிரேசிலின் காம்பினாஸ், இலங்கையின் கொழும்பு, ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங், அப்புறம் நம்ம சென்னை. சென்னைப் பகுதிக்குப் பொறுப்பு அதே லட்சுமி விஜயகுமார்.

தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். இன்னொரு பிரிவினருக்கு, டிஸ்சார்ஜ் சமயத்தில் ஒரு மணி நேரம் நிதானமாகப் பேச்சு. பிறகு 18 மாதத்தில் 9 முறை போனிலோ நேரிலோ விசாரிப்பு. 1, 2, 4, 7, 11-வது வாரங்கள், அப்புறம் 4, 6, 12, 18-வது மாதங்கள். 2008-ல் கணக்கு வந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 2.2 சதவிகிதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவிகிதம்.

தசமப் புள்ளி சரிதானா என்று நான் இரண்டு தடவை பார்த்தேன். சரிதான்.

இந்த ஆய்வு நடந்தபோது சென்னையில் என்ன நிலைமை தெரியுமா? இந்திய தண்டனைச் சட்டம் 309-வது பிரிவு. முயன்று பிழைத்தவருக்கு ஒரு வருஷம் வரை சிறை. 1860-ல் வெள்ளைக்காரன் எழுதியது. அவன் தன் நாட்டில் இதே குற்றத்தை 1961-ல் நீக்கிவிட்டான். இங்கே 1994-ல் சுப்ரீம் கோர்ட் செல்லாது என்றது, 1996-ல் செல்லும் என்றது. போலீஸ் கேஸுக்குப் பயந்து 'தெரியாம நடந்துடுச்சு டாக்டர்' என்று குடும்பமே சேர்ந்து சொல்லும். விபத்து என்று ரெஜிஸ்டரில் ஏறிவிட்டால், அப்புறம் மனநல மருத்துவர் எங்கே எட்டிப்பார்ப்பார்? ஒளிய வேண்டிய குற்றவாளியைப் போல வீட்டுக்குப் போன ஒரு ஆளைத் தேடி, ஏழாவது வாரம் ஒருவர் வந்து 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்பதன் எடை அங்கேதான் இருக்கிறது.

2017-ன் மனநலச் சட்டம், 2018 மே மாதம் அமலுக்கு வந்தபோது நிலைமை மாறியது. முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவரைப் பராமரிப்பது அரசின் கடமை என்றது அதன் 115-வது பிரிவு. 2024 ஜூலை 1-ல் புது தண்டனைச் சட்டம் வந்தபோது பழைய 309 அதில் இடம்பெறவில்லை. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் மிரட்டுவதற்காக முயன்றால் மட்டும் தண்டனை உண்டு. சட்டம் விலகிக்கொண்டது. அக்கம்பக்கம் இன்னும் விலகவில்லை.

*

இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களில், இப்போதே அந்த இருட்டில் இருப்பவர் ஒருவராவது இருப்பார். அவருக்கு: மத்திய அரசின் டெலி மானஸ், எண் 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழில் பேசலாம். சென்னை ஸ்நேகா: 044-24640050. என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டாம். 'பேசத் தெரியலை' என்று ஆரம்பித்தால்கூடப் போதும்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு: நேராகக் கேளுங்கள். ஆமாம் என்று பதில் வந்தால் பதறாமல், வாதாடாமல் கேட்டுக்கொண்டிருங்கள். 'உனக்கென்னப்பா குறைச்சல்' வேண்டவே வேண்டாம். ரகசியமாக வைத்துக்கொள்வதாகச் சத்தியம் செய்யாதீர்கள். அன்றைக்குத் தனியாக விடாதீர்கள். அபாயமானதைக் கைக்கெட்டாமல் எடுத்து வையுங்கள். அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணியக்கூடியது. அந்தக் கொஞ்ச நேரத்தைத் தாண்ட வைப்பதுதான் வேலை. அப்புறம் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். கூடப் போங்கள். அடுத்த தடவை நெருக்கடி வந்தால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று அவரே தன் கையால் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்கிற வழக்கம் இப்போது வந்திருக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான எமர்ஜென்சி பிரிவுகளில் இந்தத் தாளோடு, பின்னால் சில போன் விசாரிப்பும் சேர்த்துச் செய்து பார்த்தார்கள். அடுத்த 6 மாதத்தில் தற்கொலை முயற்சி போன்ற செயல்கள் 45 சதவிகிதம் குறைவு என்றது 2018-ல் வந்த கணக்கு. மறுபடியும் அதே விசாரிப்பு, கவனித்தீர்களா?

இன்றைக்கு ஸ்டாம்புகூட வேண்டாம், செல்போன் இருக்கிறது. 'இந்தப் பக்கம் வந்தேன், உன் ஞாபகம் வந்துது. பதில் போடணும்னு இல்ல.' இவ்வளவு போதும். பதில் வராவிட்டால் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த மாதமும் இன்னொன்று. ஃபார்வர்டு செய்த 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூ இதில் சேர்த்தி இல்லை. மோட்டோ ஒப்புக்கொண்டிருக்கவே மாட்டார்.

அவர் 2015-ல் இறந்தார். அவருடைய 2001-ம் வருஷக் கட்டுரையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கடிதங்கள் 5 வருஷத்தோடு நின்றுபோயின. நின்ற பிறகும் இரண்டு குழுவினரையும் அவர் கவனித்துக்கொண்டேதான் இருந்தார். வித்தியாசம் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. 14-வது வருஷம் பார்த்தபோது, கடிதம் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையில் எந்த வித்தியாசமும் இல்லை.